ராணுவத்துக்கு மரியாதை சரி, கேள்வி கேட்க ஏன் தயங்குகிறோம்?

#1 செம்பவாங் செல்வி

நேராகவே கேட்கிறேன். சிங்கப்பூரில் ராணுவம் என்று வந்துவிட்டால் நாம் கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறோமா?

புலம்புவதைச் சொல்லவில்லை. ரிசர்விஸ்ட் கடிதம், அதாவது சேவை முடித்தவர்களை மறுபடி பயிற்சிக்குக் கூப்பிடும் கடிதம், வந்தால் கோப்பிக்கடையில் உட்கார்ந்து புலம்பாத ஆண் இந்த ஊரில் யார்? சாப்பாடு, வெயில், சார்ஜன்ட், ஐபிபிடி உடற்தகுதித் தேர்வு என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்ப்பார்கள். கோப்பி முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். முடிவெடுக்கிற இடத்துக்கு அதில் ஒரு சொல்லும் போய்ச் சேராது.

2012 ஏப்ரலில் ஒரு தேசிய சேவையாளர் பயிற்சியின்போது புகைக்குண்டுப் புகையைச் சுவாசித்து இறந்தார். அதிகபட்சம் இரண்டு குண்டு போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டிருக்கிறார்கள். விதி மீறப்பட்டது என்று விசாரணைக் குழுவே சொன்னது. குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். 2016 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம், அரசாங்க வழக்குகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு. பணியில் இருந்தபோது நேர்ந்த மரணம், சேவையால் நேர்ந்தது என்று சான்று கொடுத்துவிட்டால், கவனக்குறைவுக்காக அரசாங்கத்தின் மீதும் நஷ்ட ஈடு வழக்கு போட முடியாது, அந்த அதிகாரியின் மீதும் போட முடியாது. இழப்பீடு உண்டு. ஆனால் என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று திறந்த நீதிமன்றத்தில் வைத்துக் கேட்கும் வாய்ப்பு பெற்றவர்களுக்கு இல்லை.

கட்டாயமாகக் கூப்பிட்ட பிள்ளைக்கு இப்படி ஒரு சட்டம். அதைப் பற்றி நாம் எத்தனை நாள் பேசினோம்? செய்தி வந்த வாரம் கொதித்தோம், அப்புறம் மறந்துவிட்டோம். என் மூத்தவன் அடுத்த ஆண்டு தேசிய சேவைப் பயிற்சிக்கு டெக்கோங் தீவுக்குப் போகிறான். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

#2 முன்னாள் வாரண்ட்

தங்கச்சி, கேள்வி நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த மரியாதை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த ஊரில் ராணுவத்துக்கு மரியாதை தானாக இருந்ததே இல்லை. உண்டாக்க வேண்டியிருந்தது.

1965ல் தனி நாடானபோது நம் கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அதே ஆண்டு மார்ச் 10ஆம் தேதிதான் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். அப்போதைய தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ இஸ்ரேலிய ஆலோசகர்களை வரவழைத்து, வெளியில் 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி வைத்திருக்க வேண்டிய நிலைமை. 1968ல் பிரிட்டிஷ்காரர்கள் 1971க்குள் கிளம்பிவிடுவோம் என்று அறிவித்துவிட்டார்கள். நாம் அவசரமாக ஒரு படையைக் கட்டினோம்.

1967 ஆகஸ்ட் 17ஆம் தேதி முதல் 900 பையன்கள் முழுநேரச் சேவைக்குப் போனார்கள். அந்தக் காலத்துப் பெற்றோருக்கு ராணுவம் என்றாலே ஆகாது. படிப்பு வராதவன் போகிற இடம் என்று நினைத்தார்கள். அதனால்தான் சமூக நிலையங்களில் விருந்து வைத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களே வந்து வழியனுப்பி வைத்தார்கள். அந்த விருந்தெல்லாம் இல்லாமல் இந்தப் படை நின்றிருக்காது.

14ஆம் பிரிவைப் பற்றி: ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் 'என் மேல் வழக்கு வருமா' என்று யோசிக்கிற அதிகாரி பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுவான். பாதிப் பயிற்சியோடு போருக்குப் போனால் செத்துப்போகிறவன் உங்கள் பிள்ளைதான். அப்புறம், அந்தப் பிரிவு நஷ்ட ஈடு வழக்கைத்தான் தடுக்கிறது. குற்ற வழக்கையோ ராணுவ நீதிமன்றத்தையோ அது தடுக்காது. தவறு செய்தவன் தப்பித்துவிடுகிறான் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை.

#3 ஓஆர்டி ஆச்சு

அங்கிள், நான் இப்போதுதான் ஓஆர்டி ஆகி, அதாவது முழுநேரச் சேவையை முடித்து, வெளியே வந்தேன். சட்டம் எனக்குத் தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

செல்வி அக்கா, உங்கள் மகன் போன முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வான். கெங். உடம்பு சரியில்லை என்று நடித்துத் தப்பிப்பது. அப்படி ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் வாங்கிவிடக்கூடாது என்ற பயம் இருக்கிறதே, அது எல்லாரையும் பிடித்து ஆட்டும். என் செக்‌ஷனில் ஒருவனுக்கு முழங்கால் வீங்கிப் போயிருந்தது. எம்ஓவை, அதாவது ராணுவ டாக்டரை, பார்க்கப் போகச் சொன்னோம். போகவில்லை. 'மூன்றாவது தடவை போனால் கெங் கிங் என்பார்கள்' என்றான். அவனைத் தடுத்தது சார்ஜன்ட் இல்லை. நாங்கள்தான், பங்க்கில் அவனோடு படுத்திருந்தவர்கள்.

2018 ஏப்ரலில் பிடோக் முகாமில் 8 கிலோமீட்டர் வேகநடை முடித்த ஒருவர் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு, அந்த மாதக் கடைசியில் இறந்தார். உடம்பைக் குளிர்விப்பதும் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவதும் சரியாக நடக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பக்கத்தில் நின்ற ஒருவன் 'சார், இவனுக்கு நிஜமாகவே முடியவில்லை, ஐஸ் கொண்டு வாங்க' என்று கத்தியிருந்தால்? ராணுவத்தில் எந்த விதியும் அப்படிக் கத்தக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனாலும் கத்த மாட்டோம்.

#4 உறையூர் ரவி

நான் திருச்சிக்காரன். இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்து பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கியவன். முதல் தலைமுறை என்பதால் எனக்குச் சேவை இல்லை, என் மகன் போக வேண்டும். ஊரில் பட்டாளத்துக்காரர் லீவில் வந்தால் தெருவே எழுந்து நிற்கும். பஸ்ஸில் இடம் கொடுப்பார்கள். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்.

இங்கே நான் பார்த்தது வேறு. சில ஆண்டுகளுக்கு முன்னால் எம்ஆர்டியில் சீருடையோடு உட்கார்ந்து வந்த பையன்களைப் படம் எடுத்து, 'பாருங்கள், முதியவர் நிற்கிறார், ராணுவ வீரன் உட்கார்ந்திருக்கிறான்' என்று இணையத்தில் போடுவது ஒரு வழக்கமாகவே இருந்தது. அந்தப் பையன் ராத்திரி முழுக்கக் காட்டில் கிடந்துவிட்டு வந்திருக்கலாம். அதனால் சமூகம் ராணுவத்துக்கு அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கிறது என்று சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மரியாதை கொடிக்கும் அணிவகுப்புக்கும் வானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் 'சிவப்புச் சிங்கங்கள்' குழுவுக்கும் போகிறது. பையனுக்குப் போகவில்லை.

இன்னொன்று. நான் எதையாவது கேட்டால் உடனே வருகிற பதில், 'நீங்கள் என்எஸ் (தேசிய சேவை) போனீர்களா?' அதோடு என் வாய் அடைபட்டுவிடும்.

#5 செம்பவாங் செல்வி

ரவி அண்ணே, அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்பார்கள், பெண் என்பதால். பிள்ளையை அனுப்புகிறவள் நான், வரி கட்டுகிறவள் நான். ஆனால் பேச உரிமை போய்வந்தவனுக்கு மட்டும். போய்வந்தவனிடம் கேட்டால், 'நாங்களெல்லாம் தாங்கினோம், இவனும் தாங்கட்டும்' என்பான். அப்படியானால் மிச்சம் இருப்பது யார், கேட்பதற்கு?

வாரண்ட் ஐயா, போர்க்களத்தில் கட்டளையைக் கேள்வி கேட்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். கையெறி குண்டுப் பயிற்சியில் 'படு' என்றால் படுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது பயிற்சி முடிந்து முகாமுக்கு வெளியே வந்தபிறகு. குடிமக்களாகிய நாம் ஏன் இன்னும் 'படு' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் போல இருக்கிறோம்?

#6 நல்லூர் மைந்தன்

இந்த இழையில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். என் மகன் இங்கே சேவை முடித்துவிட்டான். அவன் சீருடையோடு முதல்முறை வீட்டுக்கு வந்தபோது என் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. பேரன் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பச்சையைப் பார்க்க அவவால் முடியவில்லை.

1987 அக்டோபரில் அமைதிப் படை என்ற பெயரில் வந்த இந்தியப் படை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர்களையும் தாதிகளையும் நோயாளிகளையும் சுட்டது. ரவி, உங்கள் ஊர் பஸ்ஸில் இடம் கொடுத்தார்களே, அதே படை. உங்கள் மரியாதை பொய் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சண்டை முடிந்தபோது கொழும்பில் பால்சோறு கொடுத்துக் கொண்டாடினார்கள். அங்கே ராணுவத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவன் துரோகி. அந்த மரியாதை அங்கே என்ன செய்தது என்று நாங்கள் பார்த்தோம்.

சிங்கப்பூர்ப் படை அப்படிப்பட்டது இல்லை. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

#7 முன்னாள் வாரண்ட்

நல்லூர் மைந்தன், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நம் படை எதற்கெல்லாம் போனது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். 1991 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 117 விமானத்தைக் கடத்தினார்கள், கமாண்டோக்கள் புகுந்து பயணிகள் அத்தனை பேரையும் மீட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் இந்தோனேசியாவின் அச்சேவில் மியூலாபோவுக்குப் போயின. பையன்களை நம்புங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இங்கே படை என்பது புளோக்கில் பக்கத்து வீட்டுப் பையன். அவன் தன் சொந்த ஊர் மக்களைச் சுட மாட்டான்.

#8 நல்லூர் மைந்தன்

ஐயா, மாட்டான். ஆனால் நம்பிக்கை வேறு, பரிசோதனை வேறு. எங்கள் ஊரில் கேள்வி கேட்கத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. இங்கே நல்ல காலம். கேட்டால் யாரும் யாரையும் துரோகி என்று பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். இப்போது பழகிக்கொள்ளாவிட்டால் எப்போது பழகுவது?

#9 கணக்கர், காலாங்

யாரும் பணத்தைத் தொடவில்லையே. 2025 நிதியாண்டுக்குத் தற்காப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 23.4 பில்லியன் வெள்ளி. அரசாங்கத்தின் மற்ற எந்த அமைச்சும் இந்த அளவுக்கு வருவதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் மூன்று விழுக்காடு. பேருந்துக் கட்டணம் சில காசு ஏறினால் நாம் வாரக்கணக்கில் பேசுகிறோம். இந்தத் தொகையில் எந்த ஆயுதம் எவ்வளவு என்று கேட்டால் பாதுகாப்பு ரகசியம் என்பது பதில். சிலவற்றுக்கு அது உண்மையான பதில்தான், நான் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்குமா?

இன்னொரு விஷயம் எனக்கு நீண்ட நாளாக உறுத்துகிறது. ராணுவத்தில் உயர் பதவி வகித்தால் எதையும் நடத்தலாம் என்ற எண்ணம். எஸ்எம்ஆர்டி ரயில் நிறுவனத்துக்கு 2012ல் ஒரு முன்னாள் தற்காப்புப் படைத் தலைவரை நியமித்தார்கள், அவருக்குப் பிறகு 2018ல் இன்னொரு முன்னாள் தற்காப்புப் படைத் தலைவரை. எஸ்பிஎச் செய்தி நிறுவனத்துக்கு 2017ல் வந்தவரும் அப்படியே. அமைச்சரவையிலும் பார்க்கலாம். லீ சியன் லூங் பிரிகேடியர் ஜெனரல், 2025 வரை அமைச்சராக இருந்த தியோ சீ ஹியன் ரியர் அட்மிரல், இன்று தற்காப்பு அமைச்சராக இருக்கும் சான் சுன் சிங் முன்னாள் ராணுவத் தளபதி. திறமையானவர்கள்தான். ஆனால் ரயில் ஓட்டுவதும் செய்தித்தாள் நடத்துவதும் தனித் தனித் தொழில்கள். இருபது வருடம் அதில் வேலை பார்த்த ஒருவருக்குக் கிடைக்காத நம்பிக்கை நட்சத்திரம் வைத்திருந்தவருக்குக் கிடைக்கிறது என்றால், அந்த நம்பிக்கையைக் கொடுத்தது யார்? நாம்தான். வேறொரு துறையிலிருந்து ஒருவர் அப்படி வந்தால், 'இவருக்கு இதில் என்ன அனுபவம்' என்று முதல் நாளே கேட்டிருப்போம்.

#10 முன்னாள் வாரண்ட்

இதில் நான் உங்களோடு சேர்கிறேன். என் கீழே வேலை பார்த்த வாரண்ட் ஆபீசர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு பாதுகாவலர் வேலைதான் கிடைத்தது. முப்பது வயதுப் பையன்கள் ஆயிரம் பேரை வெயிலில் வைத்து நடத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்.

#11 தேக்கா வாசகி

நம் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் சீருடைக்கு இருக்கும் மதிப்பு 1967ல் தொடங்கியது இல்லை. 1943 ஜூலையில் நேதாஜி பாடாங்கில் பேசினார், அந்த அக்டோபரில் கேத்தே திரையரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டியவர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அந்தப் படங்களைச் சுவரில் மாட்டி வைத்திருந்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் யோசியுங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் சத்தியம் செய்து சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் கணக்கில் கட்டளை மீறியவர்கள். திரும்பி வந்தவுடன் 1945ல் எஸ்பிளனேடிலிருந்த அவர்களுடைய நினைவுச்சின்னத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் இடித்தார்கள். அந்த இடத்தில் 1995ல் ஒரு நினைவுக் குறியீடு வைக்கப்பட்டது. நாம் பெருமைப்படுகிற படைவீரர்கள் கீழ்ப்படிந்ததற்காக மதிக்கப்படுகிறவர்கள் இல்லை. யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்று கேட்டதற்காக மதிக்கப்படுகிறவர்கள்.

முழுமைத் தற்காப்பு நாள் பிப்ரவரி 15. 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த நாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறார்கள், நல்லது. அதே பிப்ரவரி 15ல், 1915ல், இங்கே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். பிறகு 47 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், ஊட்ரம் சிறைக்கு வெளியே, கூட்டம் பார்க்க. கலகத்தில் சாதாரண மக்களும் செத்தார்கள், அதனால் அவர்களை வீரர்கள் என்று தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சிப்பாய்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டிருக்குமா? கேட்க இடம் கொடுத்திருக்கிறோமா?

#12 ஓஆர்டி ஆச்சு

வாசகி அக்கா, என் பள்ளியில் 1915 பற்றிச் சொன்னதாகவே ஞாபகம் இல்லை.

மனசாட்சி காரணமாகச் சேவை செய்ய மாட்டேன் என்பவர்களைப் பற்றியும் யாரும் பேச மாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபை 1972ல் பதிவு நீக்கப்பட்டது. அந்தச் சபைப் பையன்கள் இன்றைக்கும் தடுப்பு முகாமுக்குப் போகிறார்கள். நான் அவர்கள் சொல்வதை ஏற்கவில்லை. நான் போனேன், என் நண்பர்கள் போனார்கள், நாலு பேர் மட்டும் போகாமல் இருப்பது நியாயமா என்று எனக்குக் கோபம்கூட வரும். ஆனால் துப்பாக்கி இல்லாத வேறு சேவை, மருத்துவமனை, முதியோர் இல்லம், இதைவிட நீண்ட காலத்துக்குக் கொடுக்கலாமே என்று விவாதிப்பதற்குக்கூட ஆள் இல்லை.

#13 உறையூர் ரவி

தம்பி, அதை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஆயிரம் பேர் மனசாட்சி என்று வருவார்கள். என் மகனை நான் அனுப்பத்தான் போகிறேன். எல்லாரும் போகிறார்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தைரியம். பணக்காரன் மகனும் டெக்கோங்கில் அதே கட்டிலில் படுக்கிறான். அது ஒன்று போனால் இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இருக்காது.

#14 செம்பவாங் செல்வி

கேட்டால் மாறும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2019 ஜனவரியில் நடிகர் ஆலோய்சியஸ் பாங் நியூசிலாந்தில் ரிசர்விஸ்ட் பயிற்சியில் பீரங்கி வண்டிக்குள் நசுங்கி இறந்தார். தெரிந்த முகம் என்பதால் ஊரே அழுதது, ஊரே கேட்டது. பயிற்சிகளை நிறுத்தி வைத்தார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், தற்காப்புப் படைத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்கிற தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தை அமைத்தார்கள். அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து விளக்கினார். யாரும் ராணுவத்தை அவமதித்ததாக நினைக்கவில்லை. படையும் பலவீனமாகிவிடவில்லை.

எனக்கு இதில் தாங்க முடியாதது ஒன்று உண்டு. அவருக்கு முன்னால் இறந்தவர்கள் தொலைக்காட்சியில் வந்தவர்கள் இல்லை.

வாரண்ட் ஐயா, உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். 14ஆம் பிரிவை முழுவதும் எடுக்க வேண்டாம். போர்க்காலத்துக்கும் உண்மையான நடவடிக்கைக்கும் வைத்துக்கொள்ளட்டும். அமைதிக் காலப் பயிற்சியில், விதி மீறப்பட்டது என்று படையே ஒப்புக்கொண்டபிறகு, அந்தப் பாதுகாப்பு எதற்கு?

#15 முன்னாள் வாரண்ட்

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வழக்கு போடும் உரிமையை நான் இன்னும் ஆதரிக்கவில்லை. இளம் லெப்டினன்ட் இருபது வயதுப் பையன், அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை, அவனும் சேவைக்கு இழுத்துவரப்பட்டவன்தான். அவனை வக்கீல்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விசாரணைக் குழு அறிக்கையை முழுவதுமாகக் குடும்பத்திடம் கொடுக்கலாம். ரகசியமானதை மறைத்துவிட்டு மற்றதைப் பொதுவில் வெளியிடலாம். விசாரணைக் குழுவில் படைக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பான்மையாக இருக்கலாம். இதற்கெல்லாம் படை பயப்பட வேண்டியதில்லை. நல்ல யூனிட் எது என்று எனக்குத் தெரியும். எங்கே லான்ஸ் கார்ப்பரல் வந்து 'சார், இந்தக் கயிறு சரியில்லை' என்று சொல்ல முடிகிறதோ, அந்த யூனிட்டில் பையன்கள் முழுசாக வீட்டுக்குப் போவார்கள்.

ஓஆர்டி தம்பி, நீ சொன்ன அந்த முழங்கால் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. எம்ஓவைப் பார்க்கப் போகிறவனைக் கேலி செய்வதை முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டியது சார்ஜன்ட்டின் வேலை. எங்கள் காலத்தில் நாங்கள் அதை வேலையாகவே நினைக்கவில்லை.

#16 செம்பவாங் செல்வி

நன்றி ஐயா. வக்கீல் விஷயத்தில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, பரவாயில்லை. அறிக்கையை வெளியிடுவதும், வெளியாட்கள் பெரும்பான்மையும் நாம் இரண்டு பேரும் ஒத்துக்கொள்வது. அதை எழுதி எடுத்துக்கொண்டு மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கிறேன், அமைச்சரிடம் நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி. கூட வர விரும்புகிற செம்பவாங் பெற்றோர் தனிச் செய்தி அனுப்புங்கள்.

#17 ஓஆர்டி ஆச்சு

அக்கா, மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். எம்ஓவைப் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே வாரத்தில் மறுபடியும் வந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட முடியுமா என்று கேளுங்கள். நான் யீஷூன். ஆனால் நானும் வருகிறேன்.